பேய் வேடமும் போர் கண்ட வீடும்: ஹலோவீனைப் பிள்ளைகளோடு எப்படிக் கொண்டாடலாம்?

ஒக்ரோபர் 31 ஆம் திகதி. கனடாவின் ஸ்காபரோ பகுதியில் இருட்டத் தொடங்கியதும் வீட்டுக்கு வீடு கதவு மணி அடிக்கும். வெளியே சிறுவர்கள் கூட்டமாக நிற்பார்கள். ஒருவர் எலும்புக்கூடு, இன்னொருவர் சூனியக்காரி, மற்றவர் தலையில் பந்தம் சுற்றி அதன்மேல் சிவப்புச் சாயம் பூசியிருப்பார். இனிப்புக்காகப் பையை நீட்டியபடி சிரிப்பார்கள். கதவைத் திறக்கும் தாய்க்கு அது விளையாட்டு. பின்னால் கதிரையில் இருக்கும் அம்மம்மாவுக்கு அப்படித் தெரியாமல் போகலாம். தலையில் கட்டுடனும் இரத்தத்துடனும் நின்ற பிள்ளைகளை அவர் வேறோர் இடத்தில் உண்மையாகவே கண்டிருக்கிறார்.

கனடாவிலும் பிரித்தானியாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு ஹலோவீன் இன்று ஒதுக்கிவிட முடியாத நாள். பாடசாலையில் வேடமிட்டு வருகிறார்கள்; நண்பர்கள் தெருவில் இறங்குகிறார்கள்; பிள்ளை தானும் போக வேண்டும் என்று கேட்கிறது. "இது எங்கட கொண்டாட்டம் இல்லை" என்று மறுப்பது ஒரு வழி. கடையில் தொங்கும் ஏதோ ஒரு வேடத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது இன்னொரு வழி. மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. வேடத்தையும் விளக்கையும் பிள்ளையோடு சேர்ந்து வீட்டிலேயே செய்வது. கடை வேடத்தைச் செய்தவருக்கு நம் வீட்டில் யார் இருக்கிறார்கள், அவர்கள் என்ன கண்டவர்கள் என்பது தெரியாது. நமக்குத் தெரியும். எதைக் காட்டலாம், எதை விடலாம் என்ற முடிவு அப்போது நம் கையில் இருக்கும்.

இறந்தவர்களுக்காகத் திறந்துவைத்த கதவு

ஹலோவீன் அமெரிக்கக் கடைக்காரர்கள் கண்டுபிடித்த நாள் என்று பலர் நினைக்கிறோம். அதன் வேர் அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் இருக்கிறது. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாளை அங்குள்ள கேலிக் மக்கள் 'சாவின்' என்ற பெயரில் கொண்டாடினார்கள். அந்த இரவில் இவ்வுலகத்துக்கும் மறுவுலகத்துக்கும் இடையிலான எல்லை மெலிந்துவிடும் என்பது நம்பிக்கை. இறந்துபோன உறவினர்கள் வீடு தேடி வருவார்கள் என்று அயர்லாந்துக் கிராமங்களில் கதவைத் தாழிடாமல், அடுப்பு நெருப்பை அணைக்காமல், உணவும் வைத்துவிட்டுப் படுப்பவர்கள் இருந்தார்கள். இறந்தவர்களுக்குப் படையல் வைக்கும் நமக்கு இது அந்நியமான எண்ணம் அல்ல.

கிறிஸ்தவத் திருச்சபை நவம்பர் 1 ஆம் திகதியைச் சகல புனிதர்கள் தினமாகவும், 2 ஆம் திகதியை இறந்த ஆன்மாக்களின் நினைவு தினமாகவும் வகுத்தது. புனிதர் தினத்துக்கு முந்திய மாலை என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்றொடரே சுருங்கி 'ஹலோவீன்' ஆனது. நவம்பர் 2 ஆம் திகதி சேமக்காலைக்குப் போய் மெழுகுதிரி ஏற்றும் மன்னார், யாழ்ப்பாணக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இந்த நாட்களின் மறுபக்கம் ஏற்கெனவே தெரியும்.

விளக்கும் அங்கிருந்தே வந்தது. அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் டர்னிப் கிழங்கைக் குடைந்து, கோரமான முகம் வெட்டி, உள்ளே நெருப்பு வைத்தார்கள். டொனெகோல் மாவட்டத்தில் கிடைத்த அப்படியொரு கிழங்கு முகத்தின் வார்ப்பு அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுருங்கிய தோலும் உடைந்த பற்களுமாக, இன்றைய பூசணி விளக்கைவிடப் பல மடங்கு பயமுறுத்தும் முகம் அது. 1845 இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கான ஐரிஷ் மக்கள் கப்பலேறி வட அமெரிக்காவுக்குப் போனபோது இந்த வழக்கமும் கூடப் போனது. அங்கே டர்னிப்பைவிடப் பெரியதும் குடைய இலகுவானதுமான பூசணிக்காய் கிடைத்தது. இடம்பெயர்ந்தவர்கள், கைக்குக் கிடைத்ததை வைத்துத் தங்கள் வழக்கத்தைத் தொடர்ந்தார்கள்.

வீடு வீடாகப் போவதும் பழைய வழக்கம்தான். ஸ்கொட்லாந்தில் வேடமிட்ட சிறுவர்கள் ஒரு பாட்டோ கவிதையோ பகிடியோ சொன்ன பிறகுதான் பழமோ கச்சானோ கிடைக்கும். வேடத்துக்குக் கடை கிடையாது. பழைய சட்டை, முகத்தில் பூசிய கரி, அவ்வளவுதான். இனிப்புக் கேட்டுப் போகும் இன்றைய வடிவம் 20 ஆம் நூற்றாண்டில் கனடாவிலும் அமெரிக்காவிலும் உருவானது. இரண்டாம் உலகப் போரில் சீனிக்குப் பங்கீடு வந்ததும் அது ஏறக்குறைய நின்றுபோனது. 1947 இல் பங்கீடு நீங்கிய பின்னர்தான் மறுபடி பரவியது. 1950 இல் பிலடெல்பியாப் பகுதியில் ஒரு குடும்பம் இதற்குப் புதிய பயன் கண்டது. போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 1946 இல் தொடங்கப்பட்ட யுனிசெப் அமைப்புக்கு, ஹலோவீன் இரவில் சிறுவர்கள் பெட்டியேந்திச் சில்லறை சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த வழக்கம் அமெரிக்கா முழுவதும் பரவி, 1955 இல் கனடாவுக்கும் வந்தது.

டெரி: குண்டுகளுக்கு நடுவே வந்த கொண்டாட்டம்

இந்த நாளைப் போரோடு சேர்த்து அறிந்த ஒரு நகரம் வட அயர்லாந்தில் இருக்கிறது. அதன் பெயரே சர்ச்சைக்குரியது. ஒரு சமூகம் 'டெரி' என்கிறது. மற்றச் சமூகம் 'லண்டன்டெரி' என்கிறது. 1972 ஜனவரி 30 ஆம் திகதி அந்த நகரத்தில் குடியியல் உரிமைப் பேரணி சென்றவர்கள்மீது பிரித்தானிய இராணுவம் சுட்டதில் 13 பேர் அன்றே இறந்தார்கள். காயமடைந்த ஒருவர் பின்னர் இறந்தார். இறந்தவர்கள் குற்றமற்றவர்கள் என்பதை அரசு ஏற்று, பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்பதற்கு 2010 ஜூன் வரை, 38 ஆண்டுகள், குடும்பங்கள் போராட வேண்டியிருந்தது.

அதே நகரத்தில் இன்று ஐரோப்பாவின் மிகப் பெரிய ஹலோவீன் விழாக்களில் ஒன்று நடக்கிறது. அது தொடங்கிய விதத்தை நகரத்தவர்கள் இப்படிச் சொல்வார்கள். 1980களின் நடுப்பகுதியில் ஒரு ஹலோவீன் இரவு. மதுச்சாலை ஒன்றில் வேடமிட்டவர்கள் கூடியிருந்தபோது குண்டு வைக்கப்பட்டிருப்பதாகத் தகவல் வந்து எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். வீட்டுக்கு ஓடாமல், போட்ட வேடத்தோடு தெருவிலேயே ஆடிப்பாடினார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் கூட்டம் பெருகியது. நகரசபையும் சேர்ந்துகொண்டது. சோதனைச்சாவடிகளும் இராணுவ ரோந்தும் நிறைந்திருந்த தெருக்களில் மக்கள் அந்த ஓர் இரவைத் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டார்கள்.

கதை அத்தோடு முடியவில்லை. 1993 ஒக்ரோபர் 30 ஆம் திகதி, டெரிக்கு அருகேயுள்ள கிரேஸ்ரீல் கிராமத்தில் மதுச்சாலையொன்றில் ஹலோவீன் கொண்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. பிரித்தானியச் சார்பு ஆயுதக் குழுவினர் உள்ளே நுழைந்தார்கள். சிறுவர்கள் இனிப்புக் கேட்கச் சொல்லும் அதே வார்த்தைகளைக் கத்திவிட்டு, அவர்களில் ஒருவர் சுடத் தொடங்கினார். எட்டுப் பேர் இறந்தார்கள். துப்பாக்கியோடு வந்தவர்களைக் கண்டு, அதையும் ஹலோவீன் வேடிக்கை என்று முதலில் நினைத்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

பேய் வேடமும் உண்மையான கொலையும் ஒரே வாசலால் உள்ளே வந்த இடம் அது. அப்படியிருந்தும் அந்தப் பகுதி மக்கள் ஹலோவீனைக் கைவிடவில்லை. கிரேஸ்ரீலில் இறந்தவர்களுக்கு நினைவுக்கல் இருக்கிறது. ஆண்டுதோறும் நினைவுகூரல் நடக்கிறது. டெரியில் பிள்ளைகள் வேடமிட்டுத் தெருவில் இறங்குகிறார்கள். துக்கத்துக்கும் விளையாட்டுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது.

பயம் எப்போது விளையாட்டாகும்?

பயம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், அது தங்கள் கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் வரை. ஐப்பசியில் கந்தசஷ்டி முடிவில் நடக்கும் சூரன்போரை நினைத்துப் பாருங்கள். ஆட்டி ஆட்டிக் கொண்டுவரப்படும் சூரனைக் கண்டு அலறும் பிள்ளை, தலை மாறும்போது அப்பாவின் தோளில் இருந்தபடி இன்னும் நன்றாகப் பார்க்க எட்டுகிறது. அது மரத்தால் செய்த தலை, கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும் என்று பிள்ளைக்குத் தெரியும். சூரனைச் சோடிப்பதைப் பார்த்த பிள்ளைக்கு இன்னும் பயம் குறைவு. தானே வெட்டி, ஒட்டி, நிறம் தீட்டிய பேயும் அப்படித்தான். உள்ளே இருப்பது மட்டையும் பசையும் என்பதைச் செய்த கை அறியும்.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு வேடமும் உண்மையும் முழுமையாகப் பிரிபடுவதில்லை. முகமூடி போட்டவர் அப்பாதான் என்று தெரிந்தாலும் அழுவார்கள். அவர்களுக்குமுன் முகமூடியைக் கழற்றிக் காட்டி, மறுபடி போட்டுக் காட்டுங்கள். அழுகை நிற்காவிட்டால் அன்று முகமூடி வேண்டாம்.

போரைக் கண்ட பெரியவர்களின் பயம் வேறு விதமானது. ஒரு சத்தம், ஒரு மணம், ஒரு காட்சி போதும்; மனம் விரும்பாமலே பழைய இடத்துக்குப் போய்விடும். நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், அன்றிரவு நித்திரை வராது. "இது சும்மா விளையாட்டு" என்ற விளக்கம் அங்கே உதவாது. அது விளையாட்டு என்பது அவருக்கும் தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டு. வெள்ளைத் துணியில் இரண்டு கண் ஓட்டை வெட்டித் தலையில் போட்டால் அது ஹலோவீனின் மிக எளிய பேய். சுற்றிவளைப்புக் காலத்தில் மைதானத்தில் வரிசையில் இருத்தப்பட்ட ஒருவருக்கு அது என்ன? சாக்கால் முகம் மூடிய தலையாட்டி. அந்தத் தலை மேலும் கீழும் அசைந்தால் அண்ணனோ தம்பியோ வீடு திரும்பவில்லை. 2011 ஓகஸ்டில் வடக்கு கிழக்கில் 'கிறீஸ் பூதம்' என்ற பீதி பரவி, ஊர்கள் நித்திரையின்றிக் காவலிருந்ததையும் பலர் மறக்கவில்லை. இரவில் முகம் மூடி வாசலுக்கு வருபவர் எல்லா வீட்டிலும் ஒரே பொருளைத் தருவதில்லை.

வீட்டில் செய்யக்கூடியவை

பூசணி விளக்கு: அடி தட்டையான பூசணிக்காயாகப் பாருங்கள். மேலே மூடியை வெட்டும்போது கத்தியை உட்பக்கமாகச் சரித்து வெட்டினால், மூடி உள்ளே விழாது. பெரிய கரண்டியால் விதையையும் நாரையும் சுரண்டி எடுங்கள். முகம் வரும் பக்கத்தின் சுவரை இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் தடிப்புக்குச் சுரண்டினால் வெட்டுவது இலகு. முகத்தைப் பிள்ளை பேனையால் கீறட்டும். வெட்டுவது பெரியவர் வேலை. வெட்டிய பூசணி சில நாட்களில் அழுகத் தொடங்கும் என்பதால் 29, 30 ஆம் திகதிகளில் செய்வது நல்லது. மெழுகுதிரிக்குப் பதிலாகப் பற்றரி விளக்கை வையுங்கள். விதையைக் கழுவி உலர்த்தி, உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டி வறுத்தால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். சின்னப் பிள்ளைகள் வெட்டாமல் நிறம் தீட்டலாம், கறுப்புக் கடதாசியில் கண் வெட்டி ஒட்டலாம்.

போத்தல் விளக்கு: வெறும் ஜாம் போத்தலின் வெளிப்புறத்தில் செம்மஞ்சள் நிற மெல்லிய கடதாசித் துண்டுகளைப் பசையால் ஒட்டுங்கள். மேலே கறுப்புக் கடதாசியில் கண்ணும் வாயும். உள்ளே பற்றரி விளக்கு. மூன்று வயதுப் பிள்ளையும் செய்யலாம்.

முட்டைப்பெட்டி வௌவால்: முட்டை வரும் மட்டைப்பெட்டியில் மூன்று குழிகளை வரிசையாக வெட்டி எடுங்கள். நடுக்குழி தலை. இரண்டு பக்கக் குழிகளின் கீழ் விளிம்பை வளைவு வளைவாக வெட்டினால் சிறகு. கறுப்பு நிறம் பூசி, நூலில் கட்டித் தொங்கவிடலாம்.

வெருளி வேடம்: அப்பாவின் பழைய சேட்டில் நிறத் துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்து, கை விளிம்பிலும் கழுத்திலும் வைக்கோலோ கடதாசிக் கீலங்களோ வைத்துவிட்டால் வெருளி தயார். தோட்டத்தில் வெருளி ஏன் கட்டினார்கள், எந்தப் பயிருக்குக் காவல் வைத்தார்கள் என்பதைச் சொல்ல அம்மப்பா இருந்தால் வேடத்தோடு ஒரு கதையும் கிடைக்கும்.

முகம் மூடாத பேய்: வெள்ளைத் துணியின் நடுவில் கண் ஓட்டைக்குப் பதிலாகத் தலை நுழையும் அளவுக்கு வட்டமாக வெட்டுங்கள். தலைக்கு வெள்ளைக் குளிர்த்தொப்பி. முகம் திறந்தே இருக்கும். பிள்ளைக்குத் தெருவும் தெரியும். அம்மம்மாவுக்குப் பிள்ளையும் தெரியும். துணி கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும், இல்லாவிட்டால் படியில் தடக்கும்.

தலை மாறும் சூரன்: மட்டையில் யானைமுகம், சிங்கமுகம், மீசை வைத்த அசுரமுகம் என மூன்று தலைகளை வெட்டி நிறம் தீட்டி, ஒவ்வொன்றையும் ஒரு தடியில் ஒட்டுங்கள். முகத்தில் கட்டாமல் கையில் பிடித்து மாற்றி மாற்றிக் காட்டலாம். பாடசாலையில் இதை விளக்கும் பிள்ளை, மற்றவர்கள் கேட்டிராத ஒரு கதையைச் சொல்லும்.

சேலைச் சிறகு: கிழிந்த பருத்திச் சேலையின் துண்டைத் தோளிலும் மணிக்கட்டிலும் பொருத்தினால் வண்ணத்துப்பூச்சி அல்லது மயில். நைலெக்ஸ் போன்ற துணிகள் தீப்பட்டால் உருகி உடலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அவை வேண்டாம்.

கனடாவில் அந்த மாலை குளிராக இருக்கும். வேடத்தின் கீழே குளிர்ச்சட்டை போடும் அளவுக்குப் பெரிதாகத் தையுங்கள். கறுப்பு வேடமென்றால் முதுகிலும் பையிலும் ஒளி தெறிக்கும் ரேப் ஒட்டுங்கள். வாகன ஓட்டிகளுக்குத் தெரிய வேண்டும்.

விட்டுவிட வேண்டியவை

பூசிய இரத்தம், பந்தம் சுற்றிய தலை, துண்டான கை, விளையாட்டுத் துப்பாக்கி, இராணுவச் சீருடை, மரத்தில் தொங்கும் உடல் ஆகியவை போர் கண்டவர் இருக்கும் வீட்டில் வேண்டாம். பூதம், வௌவால், சிலந்தி, சூனியக்காரி, எலும்புக்கூடு எல்லாம் கதைக்குரியவை. அவை பெரும்பாலும் யாரையும் நினைவூட்டுவதில்லை. ஆனாலும் வீட்டுக்கு வீடு இது மாறும். ஒருவருக்கு எலும்புக்கூடு ஒன்றுமில்லை. காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடும் தாய்க்கு அது புதைகுழிச் செய்தியாகலாம். முன்கூட்டியே கேட்டுவிடுவதே நல்லது. "அம்மா, பிள்ளை இப்படி வேடம் போடப் போறான், உங்களுக்குப் பரவாயில்லையோ?" என்ற ஒரு கேள்வி போதும்.

சத்தத்தையும் கவனியுங்கள். பிரித்தானியாவில் ஹலோவீனிலிருந்து நவம்பர் 5 வரை வெடி கேட்கும். தீபாவளியும் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான் வரும். வெடிச் சத்தம் தாங்காதவருக்கு எந்த நாளில், எத்தனை மணி வரை இருக்கும் என்று முன்பே சொல்லிவைத்தால் திடுக்கிடல் குறையும். யன்னலை மூடி, அவருக்குப் பிடித்த பாட்டைப் போட்டு, யாராவது பக்கத்தில் இருங்கள்.

கதவைத் திறக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் வர வேண்டாம் என்பது கனடாவிலும் அமெரிக்காவிலும் எல்லோரும் அறிந்த வழக்கம். மணிச் சத்தம் அம்மம்மாவைக் குழப்பினால் விளக்கை அணைத்துவிட்டு, இனிப்புக் கிண்ணத்தை வாசலில் வைத்துவிடலாம். பிள்ளை அயல் வீடுகளுக்குப் போய்வரட்டும்.

அம்மம்மாவின் பேய்கள்

1937 முதல் 1939 வரை அயர்லாந்தில் ஒரு பெரிய வேலை நடந்தது. ஏறக்குறைய 5,000 பாடசாலைகளின் பிள்ளைகள், வீட்டு முதியவர்களிடம் ஊர்க் கதைகளையும் வழக்கங்களையும் கேட்டுக் கொப்பிகளில் எழுதினார்கள். பழைய ஹலோவீன் வழக்கங்களில் பலவற்றை இன்று நாம் அறிவது அந்தப் பிள்ளைகளின் கையெழுத்தால்தான்.

நம் வீட்டிலும் அப்படிக் கேட்கலாம். அம்மம்மாவின் வாழ்க்கை போரோடு தொடங்கியதல்ல. அதற்கு முன்னர் அவரும் ஒரு பிள்ளையாக இருந்தார். புளியமரத்து முனிக்கும் சுடலைப் பேய்க்கும் பயந்து, இருட்டில் கிணற்றடிக்குப் போக மறுத்தவர். அந்தப் பேய்களைப் பற்றிக் கேட்டால் அவர் பெரும்பாலும் சிரிப்பார். பூசணியைச் சுரண்டும் நேரம் அதற்குத் தோதான நேரம். கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகப் பேசும். அவர் சொல்லும் முனியை அடுத்த ஆண்டு பிள்ளை வேடமாகப் போடட்டும்.

இரவு முடிந்து இனிப்புகளை எண்ணிப் பிரித்த பிறகு, பூசணி விளக்கை உடனே எறிந்துவிட வேண்டாம். நவம்பர் 2 வரை யன்னலோரத்தில் இருக்கட்டும். அன்று இறந்தவர்களுக்காக ஒரு விளக்கேற்றுகிற வீடென்றால், இது யாருக்கு என்று பிள்ளை கேட்கும். பெயரைச் சொல்லுங்கள். எப்படி இறந்தார் என்பதைப் பிள்ளை வளர வளரச் சொல்லலாம். அவர் எப்படிச் சிரிப்பார், என்ன விளையாடுவார் என்பதை இன்றே சொல்லலாம்.